மூன்றாம் மனிதரும் கார்ப் பாலிசியும்: ஒரே தாளில் இரண்டு வரலாறுகள்

காப்பீட்டுக் காலம் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கார் உரிமையாளரின் கைப்பேசிக்குப் புதுப்பிப்பு நினைவூட்டல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் அவர் வழக்கமாகப் பார்ப்பவை மூன்று: கட்ட வேண்டிய பிரீமியம், வண்டிக்கு இடப்பட்ட மதிப்பு, நோ கிளைம் போனஸ் விழுக்காடு. இரண்டு மூன்று நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தி, வந்த கோப்பைத் திறக்காமலேயே சேமித்து வைப்பதோடு பரிசீலனை முடிந்துவிடுகிறது.

அந்தக் கோப்பைத் திறந்தால், பிரீமியம் இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும். ஒன்று 'சொந்தச் சேதம்'. மற்றொன்று 'பொறுப்பு', அதாவது மூன்றாம் நபர் காப்பீடு. ஒரே தாளில் அருகருகே அச்சிடப்படுவதால் இவை ஒரே பொருளின் இரண்டு கூறுகள் என்றே தோன்றும். ஆனால் இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களுக்காகப் பிறந்தவை. முதலாவது சந்தையில் வாங்கப்படும் பாதுகாப்பு. இரண்டாவது, சாலையில் முன்பின் அறியாத ஒருவர்பால் வாகன உரிமையாளருக்கு உள்ள கடமையைச் சட்டம் ஒப்பந்த வடிவில் எழுதி வைத்தது. புதுப்பிக்கும்போது நடைபெறும் பரிசீலனை பெரும்பாலும் முதல் பத்தியோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் பத்தியின் வரலாற்றை அறியும்போதுதான் பாலிசியின் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

'மூன்றாம் நபர்' யார்?

காப்பீட்டு ஒப்பந்தத்தில் முதல் தரப்பு காப்பீடு பெறுபவர். இரண்டாம் தரப்பு நிறுவனம். இவ்விருவருக்கும் வெளியே நிற்பவர் மூன்றாம் நபர். தமிழ் இலக்கணத்தின் மூவிடப் பாகுபாட்டோடு இதனை ஒப்பிட்டால் ஒரு பொருத்தம் புலப்படும். உரிமையாளர் தன்மை; நிறுவனம் முன்னிலை; விபத்தில் அடிபடுபவர் படர்க்கை. அவரைப் பற்றிப் பேசப்படுகிறது. ஆனால் பேச்சில் அவர் இல்லை. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திடுவதில்லை. அவர் பெயரும் அதில் இல்லை. ஒப்பந்தம் எழுதப்படும் நாளில் அவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

பேச்சுத் தமிழில் 'மூன்றாம் மனிதர்' என்ற சொல் குடும்பத்துக்கோ நட்புக்கோ உட்படாத அயலாரைக் குறிக்கும். மூன்றாம் மனிதர் முன்னிலையில் வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பதே வழக்கு. அவர் சொந்தமும் உரிமையும் இல்லாதவர். பழைய ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையும் ஏறத்தாழ இதுவே. இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையை அதில் பங்கில்லாத மூன்றாமவர் எடுத்துக்காட்டி வழக்காட இயலாது என்பது ஆங்கிலச் சட்ட மரபின் அடிப்படை விதி. மோட்டார் காப்பீட்டின் வரலாறு இந்த விதி தலைகீழான வரலாறாகும். எந்த உரிமையும் இல்லாத அயலாருக்காகவே ஒப்பந்தம் கட்டாயமாக்கப்பட்டது.

1927 முதல் 1946 வரை

மோட்டார் வாகனம் பெருகிய தொடக்கக் காலத்தில் விபத்தில் காயம்பட்டவருக்கு இருந்த வழி, ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவது மட்டுமே. வழக்கில் வென்றாலும் எதிர்த் தரப்பிடம் பணம் இல்லையெனில் தீர்ப்பு வெறுங்காகிதம். உரிமையாளர் காப்பீடு எடுத்திருந்தாலும் அவர் நொடித்துப் போனால் அந்தத் தொகை பிற கடன்காரர்களுக்கும் பங்கிடப்பட்டுவிடும். அடிபட்டவருக்கு அதில் தனியுரிமை கிடையாது.

இந்த இடைவெளியை நிரப்ப அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927இல் வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930இல் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு இன்றி வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்கிற்று. மற்றொன்று, காப்பீடு பெற்றவர் நொடித்துப் போனாலும் அடிபட்டவர் நிறுவனத்திடம் நேரடியாக உரிமை கோர வழிவகுத்தது.

இந்தியாவில் 1914ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டாயக் காப்பீடு இடம்பெறவில்லை. 1936–37இல் அமைந்த மோட்டார் வாகனக் காப்பீட்டுக் குழு இதனை ஆராய்ந்த பின், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. சட்டத்தின் ஏனைய பகுதிகள் முன்னதாகவே செயலுக்கு வந்தபோதும், இந்த அத்தியாயம் உலகப் போர்க் காலம் கடந்து 1946 ஜூலை 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியச் சாலையில் நடப்பவருக்கு அவர் அறியாத ஓர் ஒப்பந்தத்தின் மீது உரிமை பிறந்தது அன்றைக்குத்தான்.

அந்த அத்தியாயத்தின் 96ஆம் பிரிவு, உரிமையாளருக்கு எதிரான தீர்ப்புத் தொகையை நிறுவனமே செலுத்த வேண்டும் என்றது. நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைக் காட்டித் தப்பலாம் என்பதற்கு ஒரு வரையறுத்த பட்டியலையும் தந்தது. அந்தப் பட்டியலில் இல்லாத காரணங்களை நிறுவனம் எழுப்ப முடியாது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொகைகள் வளர்ந்த கதை

உரிமை பிறந்தாலும் அது முழுமையாக இல்லை. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்ததால் உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட படிகள் குறைந்தன. எனினும் நிறுவனத்தின் பொறுப்புக்கு வாகன வகைக்கேற்ப உச்சவரம்புகள் இருந்தன. சரக்கு வாகனங்களுக்கு 20,000 ரூபாயாக இருந்த வரம்பு 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ஆகவும், 1982இல் 1,50,000 ஆகவும் உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட தொகையை லாரி உரிமையாளரிடமிருந்தே வாங்க வேண்டியிருந்தது. 1989 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்த வரம்பை எடுத்துவிட்டது. தீர்ப்பாயம் விதிக்கும் தொகை எதுவோ அதுவே நிறுவனத்தின் பொறுப்பு.

மற்றொரு மாற்றம் குற்றத்தை நிரூபிக்கும் சுமை பற்றியது. ஓட்டியவர் தவறு செய்தாரா என்று ஆராயாமலேயே ஒரு குறைந்தபட்சத் தொகையை வழங்க வேண்டும் என்ற கருத்து 1982இல் சட்டமானது. உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். உயிரிழப்புக்கான தொகை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 25,000 ஆகவும், 1994இல் 50,000 ஆகவும் ஆனது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் புதிய 164ஆம் பிரிவு, சற்று வேறு வடிவில், உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் என நிர்ணயித்தது. இது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

மற்றொரு பத்தியின் வரலாறு

சொந்தச் சேதக் காப்பீட்டின் கதை வேறு. அது எந்தக் காலத்திலும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டதில்லை. காரைக் கடனில் வாங்கியவரிடம் வங்கி அதை வலியுறுத்தலாம், அரசு வலியுறுத்துவதில்லை. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டன. நான்கும் கல்கத்தா, பம்பாய், தில்லி, சென்னை ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்டன. சென்னைக்கு வாய்த்தது யுனைடெட் இந்தியா. அந்தக் காலத்தில் எந்த நிறுவனத்திடம் சென்றாலும் விதிகளும் கட்டணமும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்க ஏதுமில்லை.

2000ஆம் ஆண்டில் தனியார் நிறுவனங்கள் நுழைந்த பின்பும் கட்டண விதிகள் பொதுவாகவே இருந்தன. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள், இன்று ஐ.டி.வி. எனப்படும் வாகன மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையைத் தந்தன. ஆறு மாதம் வரை 5 விழுக்காடு தேய்மானம். ஓராண்டு வரை 15. இரண்டாண்டு வரை 20. மூன்றாண்டு வரை 30. நான்காண்டு வரை 40. ஐந்தாண்டு வரை 50. அதற்குப் பின் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் மதிப்பு.

2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பகுதியின் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மூன்றாம் நபர் பகுதியின் கட்டணம் மட்டும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் தங்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒன்றிய அரசு அதனை விதிகளாக அறிவிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்த நிறுவனமாயினும் இதுவே அடிப்படைக் கட்டணம்.

விலைப் போட்டி முழுவதும் முதல் பத்தியில் நடப்பதற்கான காரணம் இங்கே இருக்கிறது. 2007க்குப் பிறகு நிறுவனங்கள் போட்டியிடக் கூடியது அங்கே மட்டுமே. விளம்பரங்கள் அதைப் பற்றியே பேசுகின்றன. உரிமையாளரின் கண்ணும் அங்கேயே செல்கிறது. விலை மாறாத பத்தியைப் படிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் இவ்வாறு உருவாயிற்று. விலை மாறாவிட்டாலும் அதன் வரிகளில் மாறக் கூடியவை உண்டு.

ஒவ்வொரு வரியும் ஒரு வழக்கு

முதலில் நேரம். பாலிசியில் தொடங்கும் நாளோடு மணியும் நிமிடமும் அச்சிடப்பட்டிருக்கும். விபத்து நடந்த நாளிலேயே எடுக்கப்பட்ட பாலிசி செல்லுமா என்ற கேள்விக்கு, அந்த நாளின் தொடக்கமான முந்தைய நள்ளிரவு முதலே அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1990இல் விடை அளித்தது. பின்னர் 1990களின் நடுவில் வந்த தீர்ப்பு, பாலிசியில் நேரம் குறிக்கப்பட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்தே பாதுகாப்பு தொடங்கும் என்றது. ஆகவே பழைய பாலிசி முடியும் நிமிடத்துக்கும் புதியது தொடங்கும் நிமிடத்துக்கும் இடையே இடைவெளி இல்லாதிருப்பது முக்கியம். அந்த இடைவெளியில் ஒருவர் அடிபட்டால், அவரைப் பொறுத்தவரை காலம் 1946க்கு முன்னால் போய்விடுகிறது.

அடுத்தது பெயர். பழைய கார் வாங்குவோர் பலர் ஆர்.சி.யை மாற்றிவிட்டுப் பாலிசியில் பெயரை மாற்றாமல் விடுகின்றனர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, வாகனம் கைமாறும்போது காப்பீடும் கைமாறியதாகக் கொள்கிறது; பதினான்கு நாளுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கவும் சொல்கிறது. ஆனால் இந்தத் தானியங்கு மாற்றம் மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டுமே பொருந்தும், சொந்தச் சேதத்துக்குப் பொருந்தாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நோ கிளைம் போனஸோ வண்டியோடு போவதில்லை. பழைய உரிமையாளருடனேயே தங்குகிறது. ஆகவே ஒரே விற்பனையில் பாலிசி பிளவுபடுகிறது: அயலாருக்கான பாதுகாப்பு வண்டியைத் தொடர்கிறது, சலுகை மனிதரைத் தொடர்கிறது, வண்டிக்கான பாதுகாப்போ பெயர் மாறும்வரை எவரிடமும் இல்லை.

மூன்றாவது ஓட்டுநர் உரிமம். ஓட்டியவரின் உரிமம் போலியாகவோ காலாவதியாகவோ இருந்தால் நிறுவனம் விலகிக்கொள்ள முடியுமா? 2004 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதனை விரிவாக ஆராய்ந்தது. உரிமையாளரே தெரிந்து விதிமீறினார் என்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும் அடிபட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் அதை வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் ஆணையிடலாம். தன்மைக்கும் முன்னிலைக்கும் இடையிலான உடன்படிக்கை முறிந்தபோதும் படர்க்கைக்குத் தந்த வாக்கு நிற்கிறது. ஆனால் கடன் உரிமையாளர் தலையில் விழும். வீட்டில் வேறு எவர் அந்தக் காரை ஓட்டுகிறார், அவரது உரிமம் எதுவரை செல்லும் என்பதும் புதுப்பிக்கும்போது பார்க்க வேண்டியவற்றுள் அடங்கும்.

நான்காவது, காரின் உள்ளே இருப்பவர்கள். உறவினரையோ நண்பரையோ ஏற்றிச் செல்லும் சொந்தக் கார் விபத்துக்குள்ளானால் அவர்கள் மூன்றாம் நபர்களா? சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால் அவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது உறுதியில்லை. முழுமைப் பாலிசி இருந்தால் அவர்களும் அதற்குள் வருவர் என்ற வேறுபாட்டை 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வலியுறுத்தியது. பழைய வண்டிதானே என்று முழுமைப் பாலிசியைக் கைவிட்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் புதுப்பிப்பவர், தம் வண்டியின் தகட்டுக்கான பாதுகாப்பை மட்டுமே இழப்பதாக எண்ணுகிறார். பின்னிருக்கையில் அமரும் உறவினருக்கான பாதுகாப்பும் அதனோடு போகக் கூடும்.

ஐந்தாவது, பிறர் சொத்து. உயிருக்கும் உடலுக்கும் வரம்பை நீக்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டம், சொத்துச் சேதத்துக்குக் கட்டாய வரம்பை 6,000 ரூபாய் என்றே வைத்தது. கட்டண விதிகள் தனியார் காருக்கு இதனை 7.5 லட்சமாக உயர்த்தின. ஆனால் உரிமையாளர் விரும்பினால் 6,000க்குச் சுருக்கிக்கொண்டு ஒரு சிறு கழிவு பெறலாம் என்றும் அனுமதித்தன. மலிவான விலை வேண்டும் என்று தெரிவு செய்யும்போது இந்தச் சுருக்கமும் உடன் வந்திருக்கிறதா என்பது பாலிசியின் ஒரே ஒரு வரியில்தான் தெரியும். ஒரு கடையின் முகப்பையோ ஓர் ஆட்டோவையோ சேதப்படுத்தியவருக்கு 6,000 ரூபாய் எம்மட்டுக்கு?

ஆறாவது, உரிமையாளர்-ஓட்டுநர். அவர் தன்மை இடத்தவர்; தமக்கே தாம் மூன்றாம் நபராக முடியாது. அவருடைய உயிருக்கென 2002ஆம் ஆண்டு விதிகள் தனிக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. காருக்கு 2 லட்சம், இருசக்கர வண்டிக்கு 1 லட்சம். சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தொகையின் போதாமையைச் சுட்டிய பின், 2018இல் ஒழுங்குமுறை ஆணையம் அதனை 15 லட்சமாக உயர்த்தியது. தனி விபத்துக் காப்பீடு முன்பே உள்ளவர் இதனை மீண்டும் வாங்கத் தேவையில்லை. ஆனால் இல்லாதவர் பிரீமியத்தைக் குறைக்க அந்தக் கட்டத்தை நீக்கிவிடுவது தம் குடும்பத்துக்குத் தாமே இழைக்கும் இழப்பு.

கோவையிலிருந்து ஒரு மனு

சட்டம் கட்டாயமாக்கிய பின்னரும் வண்டி வாங்கும்போது எடுத்த காப்பீட்டை மறு ஆண்டு புதுப்பிக்காமல் விடும் வழக்கம், குறிப்பாக இருசக்கர வண்டிகளிடையே, நாடெங்கும் பரவியிருந்தது. அத்தகைய வண்டியால் அடிபட்டவரின் நிலை 1946க்கு முற்பட்டவரின் நிலைதான். தீர்ப்பாயம் தொகையை விதிக்கும். கொடுக்க எவரும் இருக்க மாட்டார்.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக் குறித்துப் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2018 ஜூலையில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீடு முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும் என்றாயிற்று. மறதிக்கும் அலட்சியத்துக்கும் இடம் தராத வகையில் கடமை நீட்டப்பட்டது.

இந்த நற்பணி ஒரு புதுக் கவனத்தையும் வேண்டுகிறது. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதப் பாலிசியைத் தனியே வாங்கலாம். புதுக் கார் வாங்கியவர் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் சொந்தச் சேதத்தை மட்டும் புதுப்பித்துப் பழகுகிறார். மூன்றாம் ஆண்டு முடிவில் பொறுப்புப் பகுதியும் காலாவதியாகிறது. ஒரே தாளில் இருந்த இரண்டு பத்திகளுக்கும் இப்போது இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கக் கூடும். சொந்தச் சேதத்தின் தேதியை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றது தப்பிவிடலாம். இவ்வாறு காப்பீடின்றி ஓட்டுவதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000. ஆனால் விபத்து நேர்ந்தால் இந்த அபராதம் பொருட்டல்ல. தீர்ப்பாயம் விதிக்கும் பல லட்சம் ரூபாயைத் தம் சொத்திலிருந்து கொடுக்க வேண்டியவர் அவரே.

புதுப்பித்தல் என்ற சொல்

'காப்பீடு' என்பது காப்பு, ஈடு என்ற இரு சொற்களின் சேர்க்கை. இழந்ததற்கு ஈடாகத் தருவதையே 'இழப்பீடு' என்ற சொல்லும் குறிக்கிறது. இரண்டு சொற்களுக்கும் பொதுவான அந்த 'ஈடு' யாருக்கு என்பதில்தான் பாலிசியின் இரண்டு பத்திகளும் பிரிகின்றன. 'புதுப்பித்தல்' என்ற சொல் முன்பிருந்தது அப்படியே நீளுவது போன்ற எண்ணத்தைத் தருகிறது. சட்டத்தின் பார்வையில் ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு புதிய ஒப்பந்தம். பிரீமியம் செலுத்தப்படும்வரை நிறுவனம் எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்தால் சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸும் போய்விடும்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து, இரு பத்திகளின் முடிவுத் தேதி, தொடங்கும் நேரம், பெயர், பிறர் சொத்துக்கான வரம்பு, பயணிகள், உரிமையாளர்-ஓட்டுநர் ஆகிய வரிகளைப் படிப்பதற்குக் கால் மணி நேரம் போதும். அதற்குப் பிறகு விலையை ஒப்பிடலாம். 1946இல் மூன்றாம் மனிதருக்கு அளிக்கப்பட்ட வாக்கை, அவர் யாரென்று தெரியாமலேயே, அந்த ஆண்டுக்கும் நிறைவேற்றும் செயலாகப் புதுப்பித்தல் அமைவது அப்போதுதான்.